பாட்டும் படமும் பிசகாமல்: ஒலிக்கோப்புகளின் முன்கதை

ஒலியும் படமும் பிறக்கும்போதே தனித்தனி. மைக் தன் வழியில் பதிகிறது, கேமரா தன் வழியில் பதிகிறது. இரண்டையும் ஒரே கணக்கில் நிறுத்தி ஒன்றாக வெளியே அனுப்புவது மூன்றாவது வேலை. இசைப்பதிவு மென்பொருளில் ஒரு வீடியோவை இறக்கி, அதற்கு இசை சேர்த்து, முடிந்ததைக் கோப்பாக எடுப்பவர் இன்று செய்வது அந்த மூன்றாவது வேலைதான். எக்ஸ்போர்ட் பெட்டியைத் திறந்ததும் கேள்விகள் வரிசையாக வருகின்றன: 44.1 கிலோஹெர்ட்ஸா 48ஆ, 16 பிட்டா 24ஆ, விநாடிக்கு 24 ஃபிரேமா 25ஆ, படத்தோடு சேர்த்தா தனியாகவா. இவற்றில் எதுவும் மென்பொருள் எழுதியவர்களின் விருப்பத்தால் வந்ததல்ல. ஏறக்குறைய நூறாண்டுகளாக, ஒலியும் படமும் விலகிப்போன ஒவ்வொரு முறையும் அவற்றை இழுத்துப் பிடிக்க எடுக்கப்பட்ட முடிவுகள் இவை.

முதல் முடிவு வைட்டாஃபோன் காலத்தது. 1926 ஆகஸ்ட் 6 அன்று நியூயார்க்கில் ‘டான் ஜுவான்’ படத்தை வார்னர் பிரதர்ஸ் திரையிட்டபோது இசை ஃபிலிமில் இல்லை. 16 அங்குல இசைத்தட்டில் இருந்தது. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழன்றது. ஒரு தட்டு ஏறக்குறைய 11 நிமிடம் ஓடும். ஆயிரம் அடி ஃபிலிம் ரீல் ஒன்று ஓடும் நேரமும் அதுதான். புரொஜெக்டரையும் தட்டையும் ஒரே மோட்டார் சுழற்றியது. ஆபரேட்டர் தொடக்க ஃபிரேமைப் படவாசலில் நிறுத்தி, ஊசியைத் தட்டில் குறியிட்ட இடத்தில் வைக்க வேண்டும். அங்கே பிசகினால் அந்த ரீல் முழுக்கப் பிசகும். ஃபிலிம் அறுந்தால் தொல்லை இன்னும் பெரிது. சேதமான பகுதியை வெட்டிவிட்டு ஒட்டினால் படம் சுருங்கிவிடும். இசைத்தட்டையோ வெட்ட முடியாது. ஆகவே எத்தனை ஃபிரேம் போனதோ அத்தனை கறுப்பு ஃபிரேம்களைச் சேர்த்தே ஒட்டினார்கள். படம் ஒரு கணம் இருண்டாலும் பரவாயில்லை, எண்ணிக்கை குறையக்கூடாது என்ற விதி அப்போதே வந்துவிட்டது. இன்று மென்பொருளில் ஒரு ஒலித்துண்டை எடுத்தால் அதன் இடத்தில் அதே நீளத்துக்கு மௌனம் நிற்பதும் அந்த விதியின் தொடர்ச்சிதான்.

விநாடிக்கு 24 ஃபிரேம் என்பதும் இந்தக் காலத்தின் கொடை. மௌனப்படங்களின் வேகம் கேமராவைச் சுற்றுபவரின் கையையும் தியேட்டர்காரரின் அவசரத்தையும் பொறுத்து மாறிக்கொண்டே இருந்தது. கண் அதைப் பொறுத்துக்கொண்டது, காது பொறுக்கவில்லை. வேகம் சற்று மாறினாலும் பாடகரின் சுருதி மாறிவிடும். வைட்டாஃபோன் கருவிகளை உருவாக்கிய வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தார் நிமிடத்துக்கு 90 அடி என்று வேகத்தை நிலைநிறுத்தினார்கள். ஓர் அடிக்கு 16 ஃபிரேம்; ஆக நிமிடத்துக்கு 1440, விநாடிக்கு 24. படத்தின் அடிப்படை எண் என்று எல்லோரும் கருதும் 24, உண்மையில் ஒலிக்காக வந்த எண்.

தட்டின் ஆயுள் குறுகியது. ஃபாக்ஸின் மூவிடோன், ஆர்.சி.ஏ.வின் ஃபோட்டோஃபோன் ஆகிய முறைகள் ஒலியை ஒளிக்கீற்றாக மாற்றி ஃபிலிமின் ஓரத்திலேயே பதித்தன. ஒலியும் படமும் இனிப் பிரியாது என்று தோன்றியது. ஆனால் படம் வாசலில் நின்று நின்று நகரும். ஒலியோ சீராக ஓடியபடி படிக்கப்பட வேண்டும். அதனால் ஒரு காட்சிக்குரிய ஒலி, ஃபிலிமில் சுமார் 20 ஃபிரேம் முன்னால் பதிவாகியிருக்கும். 1931ல் பம்பாய் இம்பீரியல் கம்பெனி எடுத்த ‘ஆலம் ஆரா’ படத்தில் படமும் ஒலியும் ஒரே கேமராவில் ஒரே ஃபிலிமில் பதிவாயின. வாத்தியக்காரர்கள் காட்சியில் தெரியாதபடி ஒளிந்திருந்து வாசித்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று வெளியான முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’ படத்தையும் அதே கம்பெனிதான் தயாரித்தது. இப்படி ஒன்றாகப் பதிந்த ஃபிலிமை எங்கே வெட்டினாலும், படம் வெட்டுப்படும் இடத்தில் ஒலி வெட்டுப்படாது. 20 ஃபிரேம் தள்ளி அறும். அதனால் ஒலியைத் தனி ஃபிலிமிலும் படத்தைத் தனி ஃபிலிமிலும் எடுத்து, வெட்டி ஒட்டும் வேலை முடிந்தபின் இணைப்பதே உலகெங்கும் வழக்கமாயிற்று. பிரித்து வைத்துப் பிறகு சேர்ப்பது என்ற இந்த ஏற்பாடு இன்றும் மாறவில்லை.

இந்திய சினிமா இந்த ஏற்பாட்டுக்குத் தன் பங்காக ஒரு தலைகீழ் வழக்கத்தைச் சேர்த்தது. பாட்டை முதலில் பதிந்துகொண்டு, படப்பிடிப்பில் அதை ஒலிபரப்பி, நடிகரை வாயசைக்க வைக்கும் பின்னணிப் பாடல் முறை கல்கத்தாவில் நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தால் 1935ல் நிலைபெற்றது. தமிழில் அதை 1938ன் ‘நந்தகுமார்’ படத்தில் ஏ.வி. மெய்யப்பன் கொண்டுவந்தார். அன்றிலிருந்து ஒரே படத்துக்குள் இரண்டு திசைகளில் வேலை நடக்கிறது. பாடல்களுக்கு ஒலி முன்னே, படம் பின்னே. பின்னணி இசைக்கு, அதாவது ரீ-ரெக்கார்டிங்குக்கு, படம் முன்னே, ஒலி பின்னே. பாடல் படப்பிடிப்பில் காட்சியை மெதுவாக ஓடும்படி எடுக்க விரும்பினால், கேமராவை விநாடிக்கு 48 ஃபிரேமில் ஓட்டி, பாட்டையும் இரட்டை வேகத்தில் ஒலிக்கவிடுவார்கள். நடிகர் பரபரவென்று வாயசைப்பார். 24ல் திரையிடும்போது உடல் மிதப்பதுபோல் நகரும், உதடு மட்டும் பாட்டோடு சரியாகப் பொருந்தும். கணக்கு மட்டும் சரியாக இருந்தால் ஒலியையும் படத்தையும் எப்படி வேண்டுமானாலும் பிரித்துச் சேர்க்கலாம் என்பதற்கு இதைவிட அழகான சான்று கிடைப்பது அரிது.

பின்னணி இசையிலும் எல்லாம் ஃபிரேம் கணக்குத்தான். நிமிடத்துக்கு 120 அடி விழும் தாளத்தில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே 12 ஃபிரேம் ஓடும். கதவு சாத்தப்படும் ஃபிரேமின் எண் தெரிந்தால் அங்கே எத்தனையாவது அடி விழும் என்று தாளிலேயே கணக்குப் போட்டுவிடலாம். இசையமைப்பாளர்களுக்கு அதற்கென்றே அட்டவணைப் புத்தகங்கள் இருந்தன. இன்றைய மென்பொருள் நேரக்கோட்டில் தாளக்கட்டங்களையும் ஃபிரேம் எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டி, அந்த அட்டவணைகளின் வேலையைத்தான் செய்கிறது.

காந்த நாடா இந்தத் தொழிலை வேகமாக மாற்றியது. ஜெர்மனியின் ஏ.இ.ஜி. நிறுவனம் 1935ல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் மேக்னட்டோஃபோன் கருவியைக் காட்டியது. போருக்குப் பின் அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஜாக் முல்லின் அவற்றில் இரண்டைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தபாலில் ஊருக்கு அனுப்பி, 1946ல் சான் பிரான்சிஸ்கோவில் இயக்கிக் காட்டினார். பாடகர் பிங் கிராஸ்பியின் ஆதரவோடு 1948ல் ஆம்பெக்ஸ் 200 விற்பனைக்கு வந்தது. சாதாரண நாடாவுக்கு ஒரு குறை: ஓரத்தில் துளைகள் கிடையாது. வழுக்கும், நீளும். சினிமாக்காரர்கள் அதற்கு இரண்டு விடை கண்டார்கள். ஸ்டூடியோவுக்குள் 35 மி.மீ. ஃபிலிமிலேயே காந்தப் பூச்சு பூசித் துளைகளோடு ஓட்டினார்கள். வெளிப்புறத்தில், ஸ்டெஃபான் குடெல்ஸ்கி உருவாக்கிய நாக்ரா கருவியில், கேமரா மோட்டாரின் வேகத்தை ஒரு மெல்லிய துடிப்பாகக் குரலோடு சேர்த்தே பதிந்தார்கள். பிற்பாடு அந்தத் துடிப்பைப் பின்பற்றி நாடாவை ஓட்டினால் படத்தின் வேகமும் ஒலியின் வேகமும் ஒன்றாகிவிடும்.

ஆனால் துடிப்பு வேகத்தைச் சொல்லும், இடத்தைச் சொல்லாது. எந்தத் துடிப்பு எந்தக் காட்சிக்குரியது என்பதைக் கிளாப் போர்டின் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 1956ல் ஆம்பெக்ஸ் கொண்டுவந்த வீடியோ டேப்பில் அந்த வழியும் இல்லை. ஃபிலிமைப்போல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்க அதில் கண்ணுக்குத் தெரியும் படம் எதுவும் கிடையாது. இந்தத் தேவையிலிருந்து டைம்கோடு பிறந்தது. கலிஃபோர்னியாவின் எலெக்ட்ரானிக் இன்ஜினியரிங் கம்பெனி 1967ல் உருவாக்கிய முறையைத் திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கமான எஸ்.எம்.பி.டி.இ. பொதுத் தரமாக்கியது. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 80 பிட் கொண்ட ஒரு செய்தி. அதற்குள் மணி, நிமிடம், விநாடி, ஃபிரேம் எண். படத்தின் ஒவ்வொரு துளிக்கும் தனி முகவரி கிடைத்தது. ஒலிப்பதிவின் நூற்றாண்டில் மைக்கும் நாடாவும் பெற்ற புகழை டைம்கோடு பெறவில்லை. ஆனால் இன்றைய மென்பொருளின் நேரக்கோட்டுக்கு மூலம் எது என்று கேட்டால், விடை அதுதான்.

ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு ஃபிரேம் வேகம் இருந்ததுதான் அதற்குப் பின்னடைவு. அமெரிக்காவில் 1953ல் வண்ணத் தொலைக்காட்சியைப் பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டிகளிலும் தெரியும்படி அமைக்க வேண்டியிருந்தது; அதற்காக விநாடிக்கு 30 ஃபிரேம் என்பதை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்தார்கள். 29.97 வந்தது இப்படி. டைம்கோடு 30 என்று எண்ணிக்கொண்டே போனால் ஒரு மணி நேரத்தில் உண்மையான கடிகாரத்தைவிட 3.6 விநாடி பின்தங்கிவிடும். அதைச் சரிசெய்ய ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் இரண்டு எண்களை விட்டுவிட்டு எண்ணும் ‘டிராப் ஃபிரேம்’ முறை வந்தது. ஒவ்வொரு பத்தாவது நிமிடத்திலும் மட்டும் விடுவதில்லை. மணிக்கு 108 எண்கள் இப்படித் தாண்டப்படுகின்றன. எண்களைத்தான் விடுகிறார்கள், படத்தில் ஒரு ஃபிரேமும் போவதில்லை. இதை அறியாமல் தவறான வகையைத் தேர்ந்தெடுத்த ப்ராஜெக்டில் முதல் காட்சி சரியாக நிற்கும், கடைசிக் காட்சியில் இசை தனியே போயிருக்கும்.

இந்தியா உட்பட பால் (PAL) முறையைப் பின்பற்றிய நாடுகளில் தொலைக்காட்சி 25 ஃபிரேமில் ஓடியது. 24ல் எடுத்த படத்தை 25ல் ஓட்டுவதே அங்கெல்லாம் எளிய வழி. இரண்டரை மணி நேரப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். சுருதியைத் தனியே சரிசெய்யாவிட்டால் பாடல்கள் ஓர் அரைச்சுரத்தின் சுமார் 70 சதவீத அளவுக்கு ஏறி ஒலிக்கும். தியேட்டரில் கேட்ட பாட்டும் டி.வி.யில் கேட்ட அதே பாட்டும் ஒரே சுருதியில் இல்லை என்று கூர்மையான காதுக்காரர்கள் உணர்ந்ததற்கு இது போதுமான காரணம்.

1970, 80களில் இசைக்கூடத்தின் ஏற்பாடு இப்படி இருந்தது: யூ-மேட்டிக் கேசட்டில் படம், அதன் ஓரத்தில் பொறித்த டைம்கோடு எண்கள், பக்கத்தில் இரண்டு அங்குல நாடாவில் 24 டிராக் ரெக்கார்டர், நடுவே இரண்டையும் பூட்டும் சிங்க்ரனைசர். 24ஆவது டிராக்கை டைம்கோடுக்கு விட்டுவிட வேண்டும். அதன் கீச்சொலி பக்கத்து டிராக்கில் கசியும் என்பதால் 23ஐயும் பலர் காலியாக வைத்தார்கள். ஒவ்வொரு முறை பின்னால் ஓட்டி நிறுத்தும்போதும் இரு கருவிகளும் ஒன்றையொன்று துரத்திப் பிடிக்கச் சில விநாடிகள் காத்திருக்க வேண்டும். இசைக்கலைஞர் நூறு பேர் கூடத்தில் அமர்ந்திருக்கும்போது அந்தச் சில விநாடிகளின் விலை சிறியதல்ல.

இதற்கிடையே ஒலி எண்ணாக மாறத் தொடங்கியிருந்தது. இந்தக் கதையில் மிகவும் வளமான கட்டம் இது. டிஜிட்டல் ஒலியைச் சேமிக்க அப்போதைய கணினி டிஸ்க்குகளில் இடம் போதவில்லை. அத்தனை தகவலை மலிவாகத் தாங்கக்கூடிய ஒரே பொருள் வீடியோ டேப். சோனியின் பி.சி.எம். 1600 வகைக் கருவிகள் 1970களின் இறுதியில் ஒலியின் எண்களைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக்கி, யூ-மேட்டிக் கேசட்டில் படம்போலவே பதிந்தன. ஒவ்வொரு வீடியோ வரியிலும் மூன்று சாம்பிள், அதாவது ஒலியின் மூன்று அளவீடுகள், அடங்கின. அமெரிக்க முறையில் விநாடிக்கு 60 புலம் (அரை ஃபிரேம்), புலத்துக்குப் பயன்படுத்தக்கூடிய வரி 245. ஐரோப்பிய முறையில் 50 புலம், 294 வரி. 60ஐ 245ஆலும் மூன்றாலும் பெருக்கினால் 44,100. 50ஐ 294ஆலும் மூன்றாலும் பெருக்கினாலும் அதே 44,100. இரண்டு தொலைக்காட்சி முறைகளுக்கும் ஒத்துவந்த இந்த எண்தான் 1982ல் விற்பனைக்கு வந்த சி.டி.யின் எண்ணாயிற்று. பாட்டுக் கோப்புகளில் இன்றும் காணப்படும் 44.1 கிலோஹெர்ட்ஸ், ஒலி வீடியோவாக வேடமிட்டு வாழ்ந்த காலத்தின் தடயம்.

படத்தோடு வேலை செய்ய அந்த எண் வசதியாக இல்லை. 44,100ஐ 24ஆல் வகுத்தால் ஒரு ஃபிரேமுக்கு 1837.5 சாம்பிள் வரும். அரைச் சாம்பிளை யாரும் வெட்ட முடியாது. 48,000 என்றால் 24 ஃபிரேமுக்கு 2000, 25க்கு 1920, 30க்கு 1600 என்று முழு எண்ணாக வகுபடுகிறது. சினிமா, தொலைக்காட்சித் தொழில் 48 கிலோஹெர்ட்ஸைத் தன் தரமாக எடுத்துக்கொண்டதற்கு இந்த வகுபடுதன்மை பெரிய துணை. 29.97 மட்டும் இங்கும் அடங்கவில்லை: ஃபிரேமுக்கு 1601.6. ஐந்து ஃபிரேமுக்கு ஒருமுறைதான் 8008 என்ற முழு எண்ணில் இரண்டும் சந்திக்கும். 44.1ல் பதிந்த கோப்பை மாற்றம் செய்யாமல் 48 என்று நினைத்து ஓட்டினால் பாட்டு வேகமாகி, ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் ஏறிவிடும். மென்பொருள்கள் கோப்பை உள்ளே எடுக்கும்போது மாற்றவா என்று கேட்பது இதற்காகத்தான்.

கணினி இசைக்கூடத்துக்குள் வந்தது 1980களின் நடுவில். பீட்டர் காட்சரும் இவான் புரூக்ஸும் டிரம் இயந்திரங்களுக்கான சில்லுகள் விற்று நடத்திய சிறு தொழிலிலிருந்து டிஜிடிசைன் நிறுவனம் எழுந்தது. 1985ல் சவுண்ட் டிசைனர், 1989ல் இரண்டு தடங்கள் கொண்ட சவுண்ட் டூல்ஸ், 1991ல் நான்கு தடங்களோடு புரோ டூல்ஸ். சி.டி. தரத்தில் ஸ்டீரியோ ஒலி நிமிடத்துக்கு 10 மெகாபைட்டுக்கு மேல் விழுங்கும். 40 மெகாபைட் டிஸ்க் பெரிதாகக் கருதப்பட்ட நாளில் அதில் நான்கு நிமிடப் பாட்டுகூட முழுசாக அடங்காது. ஆகவே பதிந்ததை வெட்டும்போது புதிய பிரதி எடுக்கக் கட்டுப்படியாகவில்லை. மூல ஒலிக்கோப்பைத் தொடாமல், எந்தக் கோப்பில் எந்தச் சாம்பிளிலிருந்து எதுவரை வாசிக்க வேண்டும் என்ற குறிப்பை மட்டும் வைத்துக்கொள்ளும் முறை நிலைத்தது.

இசைப்பதிவு மென்பொருளில் கோப்புகளைப் பராமரிக்கும் கலை முழுவதும் இந்த ஒரு முடிவிலிருந்து விரிகிறது. செஷன் கோப்பு என்பது குறிப்புகளின் தொகுப்பு. பாட்டு அதற்குள் இல்லை. பாட்டு பக்கத்து ஃபோல்டரில் நூற்றுக்கணக்கான துண்டுகளாகக் கிடக்கிறது. செஷன் கோப்பை மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போய் வேறு ஸ்டூடியோவில் திறந்தவர்கள் வெற்றுத் தடங்களைத்தான் பார்த்தார்கள். டெஸ்க்டாப்பிலிருந்து நேராக இழுத்துப் போட்ட வீடியோ ப்ராஜெக்ட் ஃபோல்டருக்கு வெளியிலேயே இருந்துவிடும். பழைய கணினியை அழிக்கும்போது அதுவும் போய்விடும். எல்லாத் துண்டுகளையும் ஓரிடத்தில் சேகரித்துப் புதிய பிரதி எடுக்கும் கட்டளை எல்லா மென்பொருளிலும் இடம்பெற்றது இதனால்தான்.

கோப்பு வடிவங்களின் வரலாறும் இதே காலத்தது. ஆப்பிள் 1988ல் ஏ.ஐ.எஃப்.எஃப். வடிவத்தையும், மைக்ரோசாஃப்ட்டும் ஐ.பி.எம்.மும் 1991ல் வேவ் வடிவத்தையும் வெளியிட்டன. டிஜிடிசைனின் சவுண்ட் டிசைனர் 2 வடிவம் ஸ்டூடியோக்களில் கோலோச்சியது. ஆனால் அது சாம்பிள் வேகம் போன்ற முக்கியத் தகவல்களை மேக் கணினிக்கே உரிய தனிக் கிளையில் வைத்திருந்தது. விண்டோஸ் டிஸ்க் ஒன்றின் வழியாகப் பயணித்தால் அந்தக் கிளை உதிர்ந்துவிடும். எஞ்சுவது எந்த வேகத்தில் ஓட்டுவது என்றே தெரியாத எண்குவியல். வேவ் அந்தத் தகவலைக் கோப்பின் உள்ளேயே, தலைப்பில் வைத்திருந்தது. தொழில்நுட்ப நேர்த்தியில் மற்றவற்றைவிட உயர்ந்தது என்பதால் வேவ் வெல்லவில்லை. எந்தக் கணினிக்குப் போனாலும் தன் விவரத்தைத் தானே சுமந்து சென்றது, அதனால் வென்றது.

வேவிலும் ஒன்று இல்லை: இந்த ஒலி படத்தின் எந்த இடத்துக்குரியது என்ற குறிப்பு. முகவரி எழுதாத கடிதமாகவே அது ஸ்டூடியோ ஸ்டூடியோவாகச் சுற்றியது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1997ல் வெளியிட்ட பிராட்காஸ்ட் வேவ் தரம் அதைத் தீர்த்தது. கோப்பின் தலைப்பில் கூடுதலாக ஒரு பகுதி. அதில் பதிவின் விவரம், நாள், நேரம், அத்துடன் நள்ளிரவிலிருந்து எண்ணி எத்தனையாவது சாம்பிளில் இந்தக் கோப்பு தொடங்குகிறது என்ற எண். அந்த எண் இருந்தால் உலகின் எந்த மூலையில் திறந்தாலும் கோப்பைத் தன் இடத்திலேயே உட்கார வைக்கலாம். வெறும் வேவ் என்று மென்பொருள்கள் எழுதும் கோப்புகளில் பலவும் இன்று உள்ளே பிராட்காஸ்ட் வேவ்தான். கோப்பின் அளவைக் குறிக்க 32 பிட் எண்ணைப் பயன்படுத்தியதால் 4 கிகாபைட் என்ற எல்லை வேவுக்கு இருந்தது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோவில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். நீண்ட கச்சேரிகளும் பல்தடப் பதிவுகளும் அதைத் தொட்டபோது, அதே ஒன்றியம் ஆர்.எஃப்.64 என்ற விரிவைக் கொண்டுவந்தது.

படம் மென்பொருளுக்குள்ளேயே வந்தது குயிக்டைமால். ஆப்பிள் 1991 டிசம்பரில் அதை வெளியிட்டபோது சாளரம் தபால்தலை அளவுதான் இருந்தது. பத்தாண்டுக்குள் இசைக்கூடங்களில் யூ-மேட்டிக்கின் இடத்தை அது பிடித்தது. காத்திருப்பு ஒழிந்தது, இசையமைப்பாளர் எந்த ஃபிரேமில் கை வைத்தாலும் படம் உடனே அங்கே நின்றது. புதிய சிக்கல்களும் வந்தன. டிஜிட்டல் வீடியோ (DV) வகைப் படத்தை ஃபயர்வயர் கம்பி வழியாக வெளித்திரைக்கு அனுப்பினால் படம் சில ஃபிரேம் தாமதமாக வந்து சேரும். அதைக் கணக்கிட்டுக் கழிக்க மென்பொருளில் ஓர் அமைப்பு வேண்டியிருந்தது. எச்.264 போன்ற சுருக்கமுறைகளில் பெரும்பாலான ஃபிரேம்கள் முழுப்படமாக இருப்பதில்லை, பக்கத்து ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்பது மட்டுமே இருக்கும். பார்ப்பதற்கு அது போதும். முன்னும் பின்னும் நகர்ந்து ஒரு ஃபிரேமில் நிறுத்தி வேலை செய்பவருக்குக் கணினி திணறும். ஒவ்வொரு ஃபிரேமையும் முழுதாக வைத்திருக்கும் டி.என்.எக்ஸ்.எச்.டி., புரோரெஸ் போன்ற வடிவங்களை இசைக்கூடங்கள் கேட்டு வாங்குவது அதனால்தான்.

எடிட்டிங் மேசைக்கும் இசைக்கூடத்துக்கும் இடையே துண்டுகளைப் பரிமாறும் வழியும் தேவைப்பட்டது. ஆவிட் நிறுவனம் 1990களில் ஓ.எம்.எஃப். வடிவத்தை முன்வைத்தது, 2000ஐ ஒட்டி ஏ.ஏ.எஃப். வந்தது. இவை வெட்டுகளின் இடங்களையும் ஒலித்துண்டுகளையும் ஒரே பொதியில் சுமக்கின்றன. ஒலியை உள்ளேயே வைத்து அனுப்பினால் பொதி கனக்கும். வெளியே வைத்துச் சுட்டினால் சுட்டிய கோப்பு காணாமல் போகும். ஓ.எம்.எஃப். பொதிக்கு 2 கிகாபைட் எல்லை வேறு. நீளமான படங்களை ரீல் ரீலாகப் பிரித்து அனுப்பும் பழக்கம் ஃபிலிம் போன பின்னும் நீடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி வெளியே எடுப்பது. நாடா காலத்தில் பல தடங்களை இரண்டு தடங்களாகக் கலந்து இன்னொரு நாடாவில் பதிவார்கள். பாட்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் ஆகும். கணினியில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆயினும் தனி ஒலிச்செயலிகளை நம்பி வளர்ந்த புரோ டூல்ஸ் 2013 வரை நிகழ்நேரத்தில்தான் பவுன்ஸ் செய்தது, அதாவது கலவையைக் கோப்பாக எடுத்தது; 11ஆம் பதிப்பில்தான் வேகமான முறை வந்தது. தாமதத்தைப் பலர் குறை சொன்னார்கள். ஆனால் முழுப்பாட்டையும் உட்கார்ந்து கேட்டாக வேண்டியிருந்ததால், அனுப்புவதற்கு முன்பே ஒரு சொடுக்கொலியோ விடுபட்ட தடமோ காதில் பட்டுவிடும். வேகமாக எடுத்த கோப்பை அனுப்புமுன் ஒருமுறை கேட்கும் பழக்கத்தை நல்ல ஒலிப்பொறியாளர்கள் விடவில்லை.

வெளியே எடுத்த இசை படத்தோடு பொருந்துகிறதா என்பதற்குப் பழைய காலத்துச் சான்று ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. முதல் காட்சிக்கு 48 ஃபிரேம் முன்னால், அதாவது 24 ஃபிரேம் கணக்கில் இரண்டு விநாடி முன்னால், ஒரே ஒரு ஃபிரேம் நீளத்துக்கு 1 கிலோஹெர்ட்ஸ் பீப் ஒலி. படத்தில் அதே ஃபிரேமில் 2 என்ற எண் தெரியும். முகவரி எண் அழிந்துபோனாலும், கோப்பின் பெயர் மாறினாலும், பீப்பையும் எண்ணையும் ஒன்றாக வைத்தால் எல்லாம் சரியாகிவிடும். எம்.பி.3, ஏ.ஏ.சி. போன்ற சுருக்கமுறைகள் இந்தச் சான்றின் மதிப்பை உயர்த்தின. அவை கோப்பின் தொடக்கத்தில் சிறு மௌனத்தைச் சேர்க்கின்றன, ஆப்பிளின் ஏ.ஏ.சி. முறையில் அது 2112 சாம்பிள், 48 கிலோஹெர்ட்ஸில் 44 மில்லிவிநாடி. 24 கணக்கில் அது ஒரு ஃபிரேமைவிடச் சற்று அதிகம். படத்தோடு சேர வேண்டிய ஒலியைச் சுருக்காத வேவாகவே கொடுப்பது என்ற தொழில் வழக்கத்துக்குத் தரம் மட்டும் காரணமல்ல.

ஒரே கலவையாக இல்லாமல் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் டப்பிங்கால் வலுப்பெற்றது. பாடகரும் வாத்தியக்குழுவும் ஒரே நேரத்தில் ஒரே தடத்தில் பதிவாகியிருந்தால், வேறு மொழிக்குப் போகும்போது குரலை மட்டும் கழற்ற வழியில்லை. வசனம் ஒரு பக்கம், இசையும் சத்தங்களும் இன்னொரு பக்கம் என்று தனித்தனிக் கோப்புகளாக இருந்தால் மொழியை மட்டும் மாற்றலாம். 1992ல் தமிழில் வந்த ‘ரோஜா’ இந்தியில் போய் நாடெங்கும் ஒலித்தது. அதன் பாடல்களுக்கு இந்தியிலும் வேறு வரிகள் எழுதிப் பாடினார்கள். வாத்தியம் அப்படியே நிற்க, குரல் மாறியது. சென்னையில் இன்று ஒரு படத்தின் இசையைக் கையளிப்பது என்றால் தாளம், தந்தி, குழல், மின்னிசை, குரல் என்று தனித்தனி ஸ்டெம்களாகக் கையளிப்பதுதான். எல்லா ஸ்டெம்களும் ஒரே புள்ளியில் தொடங்கி, ஒரே புள்ளியில் முடிந்து, மொத்தமாகச் சேர்த்தால் முழுக்கலவையே திரும்பக் கிடைக்க வேண்டும்.

ப்ராஜெக்ட் கோப்புகளின் ஆயுள் எவ்வளவு குறுகியது என்பதை 1990களின் மென்பொருள்கள் காட்டிவிட்டன. மிடி எனும் இசைக்குறிப்புத் தரவையும் ஒலியையும் முதன்முதலில் ஒன்றாகக் கையாண்ட ஸ்டூடியோ விஷனை உருவாக்கிய ஆப்கோட் நிறுவனத்தை 1998ல் கிப்சன் வாங்கியது. அடுத்த ஆண்டே வளர்ச்சிப்பணி நின்றது. அதில் இசையமைத்தவர்களின் கோப்புகள் திறக்க ஆளில்லாத பூட்டுகளாயின. விண்டோஸுக்கான குயிக்டைமை ஆப்பிள் 2016ல் கைவிட்டது. 2019ன் கேட்டலினா பதிப்போடு மேக்கிலும் பழைய குயிக்டைம் அடுக்கு நீங்கியது; சினிபேக், சோரன்சன் போன்ற பழைய முறைகளில் இருந்த வீடியோக்கள் மென்பொருள்களில் திறக்காமல் போயின. அதே ப்ராஜெக்டுகளின் ஃபோல்டர்களில் கிடந்த வேவ் கோப்புகள் ஒவ்வொன்றும் இன்றும் திறக்கின்றன.

அதனால் அமெரிக்க ரெக்கார்டிங் அகாடமியின் தயாரிப்பாளர், ஒலிப்பொறியாளர் பிரிவு வெளியிட்ட கையளிப்புப் பரிந்துரைகள், செஷன் கோப்பை மட்டும் நம்ப வேண்டாம் என்கின்றன. ஒவ்வொரு தடத்தையும் பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்தே இடைவெளியின்றித் தொடரும் ஒரே பிராட்காஸ்ட் வேவாக மாற்றி, மூல சாம்பிள் வேகத்திலும் பிட் அளவிலும் வைப்பது அவற்றின் சாரம். எல்லாத் தடங்களும் பூஜ்யத்தில் தொடங்கினால் எந்த மென்பொருளிலும் வரிசையாக அடுக்கினாலே பாட்டு கூடிவிடும். லயத்தை மிடி கோப்பாகவும், ஃபிரேம் வேகத்தையும் டைம்கோடு தொடக்கத்தையும் எழுத்துக்கோப்பாகவும், படத்தை ஃபிரேம் ஃபிரேமாக முழுதாகச் சேமிக்கும் வடிவத்திலும் கூடவே வைப்பது படஇசைக்கூடங்களின் வழக்கம். வெவ்வேறு மென்பொருள்களுக்கிடையே முழு ப்ராஜெக்டையும் மாற்றும் திறந்த வடிவமாக டாப்ராஜெக்ட்டை பிட்விக், ப்ரீசோனஸ் நிறுவனங்கள் 2023ல் வெளியிட்டன. அந்தப் பொதிக்குள்ளும் ஒலி தனிக் கோப்பாகவே இருக்கிறது, இடங்களின் கணக்கு தனிக் கோப்பாக இருக்கிறது.